பெயர் மட்டும் மாறும் கல்வித் திட்டம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளி திறந்ததும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குத் தனியாள் கல்வித் திட்டம் (ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் ஏற்றபடி தனியாக எழுதும் ஆண்டு இலக்குகள்) எழுதும் வேலையும் தொடங்கிவிடுகிறது. நம் கொங்கு மாவட்டங்களில் பல இடங்களில் அது படிவம் நிரப்புவதோடு முடிகிறது. 'வாசிப்பை மேம்படுத்துதல்', 'கணிதத் திறனை வளர்த்தல்' என்று பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. மார்ச் மாதம் அந்தத் தாளை எடுத்தால் பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவில், மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பதைப் பள்ளியின் கடமையாக வைத்திருக்கிறது. அளக்க முடியாத இலக்கை எழுதிவிட்டு எதைக் கண்காணிப்பது?

பிழை முதல் கட்டத்திலேயே தொடங்குகிறது. 'தற்போதைய நிலை' என்ற இடத்தில் மருத்துவச் சான்றிதழைப் பார்த்துக் குறைபாட்டின் பெயரையும் விழுக்காட்டையும் எழுதிவிடுகிறார்கள். அது உதவித்தொகைக்குப் பயன்படும், பாடம் நடத்தப் பயன்படாது. '1 முதல் 20 வரை வரிசையாகச் சொல்ல வருகிறது. பொருள்களை எண்ணச் சொன்னால் 7க்கு மேல் பிசகுகிறது. 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களைப் பிரித்தறிகிறது' என்று எழுதினால் அடுத்து எங்கே தொடங்குவது என்று தானாகத் தெரியும். இதையும் ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மூன்று வெவ்வேறு நாள் பார்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் பிள்ளையாக இருந்தால் அந்த மொழியிலும் கேட்டுப் பார்க்காமல் கற்றல் குறைபாடு என்று எழுதுவது அநியாயம்.

இலக்கு இப்படி இருக்கலாம்: 'டிசம்பருக்குள் கடையில் 20 ரூபாய்க்குள் ஒரு பொருள் வாங்கி, மீதிச் சில்லறையைத் தானே எண்ணிச் சரிபார்த்தல், ஐந்து முறையில் நான்கு முறை சரியாக.' இதைப் பொருளைக் கேட்பது, விலை கேட்பது, காசை எண்ணிக் கொடுப்பது, மீதிக்குக் காத்திருப்பது, வாங்கி எண்ணுவது என்று உடைத்து, ஒவ்வொரு படிக்கும் நேராக 'தானாக', 'சொன்னால்', 'செய்து காட்டினால்', 'கைபிடித்தால்' என்ற நான்கில் ஒன்றைக் குறித்து வந்தால் போதும். இரண்டு வாரமாக 'கைபிடித்தால்' என்றே நின்றால் அந்தப் படி பெரிதாக இருக்கிறது என்று பொருள். அதை இன்னும் இரண்டாக உடைக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று, நான்கு இலக்குகளுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு எழுதினால் ஒன்றும் நடக்காது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்க்கிறவர்; மற்ற நாளெல்லாம் பிள்ளை வகுப்பாசிரியர் கையில்தான். ஆகவே வகுப்பாசிரியரையும் உட்காரவைத்து எழுத வேண்டும், ஒரு நகல் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

காது கேளாத பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோமனூர், பள்ளிபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் தறிச் சத்தம் வகுப்பறைக்குள்ளும் வரும். காதொலிக் கருவி ஆசிரியர் பேச்சோடு அந்தச் சத்தத்தையும் பெரிதாக்கிவிடும். சன்னலை விட்டுத் தள்ளி, ஆசிரியரிடமிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கை என்று திட்டத்திலேயே எழுதுங்கள். தினமும் காலையில் ஆசிரியர் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் கருவி வேலை செய்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கருவி விசில் அடித்தால் பெரும்பாலும் பிள்ளையின் காது வளர்ந்து, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கும். புது அச்சு எடுக்க வேண்டும். மாற்று பேட்டரி பள்ளியிலும் இருக்கட்டும்.

பெற்றோர் வருவதில்லை என்று குறை சொல்கிறோம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் போகும் தாயைப் புதன்கிழமை 11 மணிக்குக் கூப்பிட்டால் அன்றைய கூலி போய்விடும். விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்கினால் வருவார்கள். 'வீட்டில் எது வராததால் அதிகம் சிரமப்படுகிறீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு இலக்காவது அந்தப் பதிலிலிருந்து வரட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள்.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சொல்லி எழுதவைப்பதற்கும் பழக்கம் வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகளிலேயே அதைத் தொடங்கத் திட்டத்தில் இடம் வையுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்தோ, பெற்றோர் வேலைக்காக ஊர் மாறியோ பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போது இந்தக் கோப்பு பழைய பள்ளி பீரோவிலேயே தங்கிவிடுகிறது. புதுப் பள்ளியில் எல்லாம் முதலிலிருந்து. மாற்றுச் சான்றிதழோடு திட்டத்தின் நகலையும் பிள்ளையின் முன்னேற்றத்தைக் குறித்துவந்த குறிப்பேட்டையும் பெற்றோர் கையில் கொடுக்கும்படி மாவட்டக் கல்வி அலுவலர்கள் இந்த மாதமே ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர்,
பெருந்துறை