கையால் அடித்தது என்று வந்த இரண்டு கத்திகள்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: "ஒரே கைவினைஞர் 40 மணி நேரம் உழைத்துக் கையால் அடித்தது" என்ற பொய்யான விவரத்துடன் விற்ற இரண்டு கத்திகளுக்கான பணத்தைத் திருப்பித் தரவும், அந்த வாசகத்தை நீக்கவும் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் உங்களிடம் ஒரே மாதிரியான இரண்டு கத்திகள் வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று என் அக்காவுக்கு. பெட்டியைத் திறந்த அன்றே சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது பதிலில், "கைவேலையில் ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசம் இருப்பது இயல்பு, அதுதான் அதன் அழகு" என்று எழுதியிருந்தார்கள். வித்தியாசம் துளிகூட இல்லை என்பதுதான் என் புகாரே. நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று புரிந்ததால் இந்த நீண்ட கடிதத்தை உங்களுக்கே எழுதுகிறேன்.

அலகின் இரண்டு பக்கமும் முதுகை ஒட்டிச் சுத்தியல் தடங்கள் இருக்கின்றன. வலப்பக்கத்தில் எண்ணினால் 17 பள்ளங்கள். மற்ற கத்தியிலும் 17. பிடியிலிருந்து நான்காவது பள்ளம் பக்கத்துப் பள்ளத்தின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றதிலும் அதே நான்காவது, அதே அளவுக்கு ஏறியிருக்கிறது. மெல்லிய தாளை அலகின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டின் தடத்தையும் எடுத்தேன். இரண்டு தாளையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு தாள் போலத்தான் தெரிகிறது. பட்டடையில் வைத்து அடித்த இரும்பில் இது நடக்கவே நடக்காது. ஒவ்வோர் அடிக்கும் இரும்பு கொஞ்சம் நகரும், சூடு இறங்கும், குறடு பிடித்த கை திரும்பும். ஆயிரம் கத்தி அடித்தவரின் கைகூட இரண்டாவது முறை அதே பள்ளத்தில் விழாது. இது அச்சில் வைத்து அழுத்திய தடம். சுத்தியல் படாத இரும்பில் சுத்தியல் பட்டது போலக் காட்டச் செய்தது.

ஒரு கத்திக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு கத்தி செய்திருக்கிறேன். ஒன்றே ஒன்று. அனுபவமுள்ள ஒருவரின் பட்டறையில், அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, விடுமுறை நாள்களில் மட்டும் போய்ச் செய்தது. ஆன நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். காத்திருந்த நேரத்தைச் சேர்க்காமல் 46 மணி. அதனால்தான் உங்கள் பக்கத்தில் 40 மணி என்று பார்த்ததும் நம்பினேன். தேர்ந்தவருக்கு என் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று என் ஆசிரியர் சொல்வார். அப்படியிருந்தும் 40 என்றால், மெருகிலும் பிடியிலும் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பொறுமைக்குத்தான் பணம் கட்டினேன்.

அந்த 46 மணி எங்கே போனது என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். கத்தி செய்வதென்றால் எல்லோருக்கும் மனதில் வருவது உலையும் சம்மட்டியும்தான். எனக்கு அதற்கு ஆனது ஆறு மணி நேரம். கார்பன் அதிகமுள்ள 1084 ரக உருக்குப் பட்டை. மஞ்சளாகப் பழுத்ததும் எடுத்து அடிக்க வேண்டும், நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கினால் உடனே நிறுத்தி மறுபடி உலையில் வைக்க வேண்டும். ஆறிய இரும்பை விடாமல் அடித்தால் உள்ளே விரிசல் விழும். ஒரு சூட்டுக்குச் சில அடிகள்தான் கிடைக்கும். வெட்டும் விளிம்பான வாய்ப்பக்கத்தை அடித்து மெலிதாக்கினால் அலகு முதுகுப் பக்கமாக வளையும், வளைவை நிமிர்த்தினால் வேறெங்கோ தடிக்கும். இப்படியே போகும். வடிவம் வந்த பிறகு அடியால் உள்ளே ஏறிய இறுக்கத்தை எடுக்க மூன்று முறை சூடாக்கிக் காற்றில் தானாக ஆறவிட்டோம். பார்ப்பவருக்கு அது சும்மா இருக்கும் நேரம் போலத் தெரியும்.

அப்புறம் அரம். விளிம்பைச் சீராக்க, இரண்டு பக்கச் சரிவும் ஒரே அளவில் வர, பிடிக்குள் போகும் காம்பில் ஆணிக்குத் துளை போட, இதற்கே ஏழு மணி நேரம். துளையை இப்போதே போட்டாக வேண்டும். தோய்ச்சலுக்குப் பிறகு, அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கிய பிறகு, சாதாரணத் துளைக்கருவியின் முனை அதில் இறங்காது. வாயை முழுதாக மெலிதாக்கிவிடவும் கூடாது, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் முக்கும்போது கோணிக்கொள்ளும், அல்லது விரிசல் விடும்.

விரிசல் விட்டது. நான் செய்த முதல் அலகு தோய்ச்சலில் போனது. காந்தம் ஒட்டாத சூடு 770 டிகிரி செல்சியஸ் அளவில் வரும், அதற்கும் கொஞ்சம் மேலே, 815 வரை ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். இறக்கினேன். சில நொடியில் "டிங்" என்று மெல்லிய சத்தம் கேட்டது. ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை, துணியை எடுத்துக் கொடுத்தார். துடைத்துப் பார்த்தால் வாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போல ஒரு கோடு. அவசரத்தில் வாயை அளவுக்கு மீறி மெலிதாக்கியிருந்தேன். ஒட்டவும் முடியாது, மறைக்கவும் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். 46 மணி என்று நான் சொன்னது இரண்டாவது அலகுக்கு மட்டும். முதலாவதில் போன நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. கையால் கத்தி செய்து பிழைக்கிறவர்களுக்கு இப்படிப் போகும் அலகுகளின் நேரமும் மற்றக் கத்திகளின் விலையில்தான் வந்தாக வேண்டும். வாங்குகிறவர்கள் பேரம் பேசும்போது இதை யோசிப்பதில்லை. முன்பு நானும் யோசித்ததில்லை.

தோய்ச்சல் சரியாக விழுந்த அலகு கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடைந்துவிடும். அதை 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால்தான் கடினத்தோடு கொஞ்சம் தாங்கும் குணமும் வரும். இதில் திறமைசாலிக்கும் புதியவனுக்கும் ஒரே நேரம்தான் ஆகும், யாராலும் அவசரப்படுத்த முடியாது. அதன் பிறகு பெல்ட் கிரைண்டரில் வாயை மெலிதாக்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் தொட்டெடுக்க வேண்டும். ஒரு நொடி அசந்து வாயில் நீல நிறம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம், கடினமும் போய்விட்டது.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது உப்புத்தாள்தான். 12 மணி நேரம். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். 120ஆம் எண் தாளில் ஒரு திசையில் தேய்த்து, 220இல் குறுக்காகத் தேய்த்து, முந்தைய கீறல் ஒன்றுகூட மிஞ்சாத பிறகுதான் 400க்குப் போக வேண்டும். மிஞ்சிய ஒரு கீறல் கடைசியில்தான் கண்ணில் படும், அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இரண்டு முறை அப்படி நேர்ந்தது. விரல் நுனி மரத்துப்போய் மறுநாள் பேனா பிடிக்கக் கஷ்டமாக இருந்தது. பிடிக்கு ஒன்பது மணி நேரம், எபாக்சி பசை இறுக ஒரு நாள், மரத்துக்கு மூன்று பூச்சு எண்ணெய், பூச்சுக்கு ஒரு நாள்.

இப்போது உங்கள் கத்திக்கு வருகிறேன். "ஆர்டர் வந்த பிறகே உலை மூட்டப்படும்" என்று உங்கள் விற்பனைப் பக்கம் சொல்கிறது. நான் திங்கட்கிழமை மாலை 6 மணிக்குப் பணம் கட்டினேன். புதன்கிழமை மதியம் 12 மணிக்குப் பொட்டலம் உங்களிடமிருந்து கிளம்பிவிட்டது. இடையில் இருந்தது 42 மணி நேரம். இரண்டு கத்திக்கும் சேர்த்து ஒரே கைவினைஞர் 80 மணி நேரம் உழைத்ததாகப் பெட்டியில் இருக்கும் அட்டைகள் சொல்கின்றன. அவர் தூங்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. இதைக் கேட்டபோது, 40 மணி என்பது "மொத்த உற்பத்தி நேரம்" என்று உங்கள் இரண்டாவது பதில் வந்தது. நூற்றுக்கணக்கான அலகுகள் ஒன்றாக ஓர் உலையில் நான்கு மணி நேரம் கிடந்தால், ஒவ்வொரு அலகுக்கும் ஒரு மனிதர் நான்கு மணி நேரம் உழைத்தார் என்று ஆகாது. அட்டையில் இருக்கும் வார்த்தை "உழைத்து" என்பது. அதை எழுதியது நீங்கள்.

அந்த அட்டையில் கைவினைஞரின் கையெழுத்தும் இருக்கிறது. அதையும் பொருத்திப் பார்த்தேன். அச்சடித்த கையெழுத்து.

சரி, நேரம் எப்படியோ போகட்டும், கத்தியாவது நன்றாக இருந்தால் இத்தனை கடுமையாக எழுதியிருக்க மாட்டேன். புதிதாக வந்த வாயோடு தடித்த அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டிப் பிரித்தேன். பத்துப் பன்னிரண்டு வெட்டிலேயே வாய் ஒரு பக்கமாக மடிந்துவிட்டது, நகத்தை வைத்தால் தட்டுகிறது. பிடியோரத்தில் அரத்தை வைத்து லேசாக இழுத்தேன், மரத்தில் இறங்குவது போல இறங்கியது. நான் செய்த கத்தியில் அதே அரம் வழுக்கிக்கொண்டு போகும். தெரிந்த எந்திரப் பட்டறையில் கடினம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தோம். உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 48. எண் கூடினால் கடினம் கூடும். உங்கள் பக்கத்தில் போட்டிருப்பது 60.

1976இல் தொடங்கிய அமெரிக்க பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற அமைப்பு கத்தி அடிப்பவர்களுக்கு ஒரு தேர்வு வைத்திருக்கிறது. அவர்கள் அடித்த அலகு, தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் கையிலுள்ள முடியை மழிக்கும் கூர் அதில் இருக்க வேண்டும். கடைசியில் இடுக்கியில் வைத்து 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. இதையெல்லாம் உங்கள் கத்தியிடம் நான் எதிர்பார்க்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டியைத் தாங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்திரத்தில் செய்த கத்தி மட்டம் என்று நான் சொல்லவில்லை. தகட்டில் வெட்டியெடுத்து, எந்திரத்தில் சாணை பிடித்து, உலையில் மொத்தமாக வைத்துச் சரியாகத் தோய்ச்சல் கொடுத்த கத்திகள் பல வருடம் உழைக்கும். என் வீட்டிலேயே இருக்கின்றன. சுத்தியலே தொடாமல், பட்டையிலிருந்து அராவி எடுத்துச் செய்கிற நேர்மையான கைவினைஞர்களும் உண்டு. விசைச் சம்மட்டி வைத்திருப்பதும் குற்றமில்லை. எப்படிச் செய்தார்களோ அப்படிச் சொல்லி விற்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் விற்றது செய்யாத வேலையின் நேரத்தை. ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு கத்தியை முடித்துவிட்டு, "ஏன் இவ்வளவு விலை, அவர்கள் 40 மணி நேரக் கத்தியை இரண்டு நாளில் அனுப்புகிறார்களே" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறவரை எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் அவர். உங்கள் பக்கத்தைக் காட்டி அவரிடமே ஒரு வாடிக்கையாளர் அப்படிக் கேட்டார். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

நான் கேட்பது இவை. இரண்டு கத்திகளுக்கும் கட்டிய முழுப் பணமும், அனுப்பும் செலவும் திரும்ப வேண்டும். கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும் கூப்பன் வேண்டாம், அதை ஏற்கெனவே மறுத்துவிட்டேன். விற்பனைப் பக்கத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் "ஒரே கைவினைஞர்", "40 மணி நேரம்", "கையால் அடித்தது" என்ற மூன்றையும் எடுக்க வேண்டும். கடின அளவையும் உண்மையில் என்னவோ அதை அளந்து போடுங்கள். இதே கத்தியை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லி, வேண்டாம் என்பவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் பெயர் போட்டிருக்கும் கைவினைஞர் உண்மையிலேயே இருந்தால், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்குத் தெரிந்துதான் அவர் பெயர் இதில் போடப்பட்டதா என்பதை மட்டும் எழுத்தில் தெரிவியுங்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தோடும் ஆதாரங்களோடும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன். கத்திகள் இரண்டையும் துடைத்து, எண்ணெய் பூசி, அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். என்னுடையதில் அரம் பட்ட இடமும், கடினம் அளந்த சிறு குழியும் இருக்கும், மடிந்த வாயையும் அப்படியே விட்டிருக்கிறேன். அக்காவின் கத்தியை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. எடுத்துப்போக ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் ஆர்டர் எண்ணும் இத்துடன் வரும் மின்னஞ்சலில் உள்ளன)

இணைப்பு: இரண்டு அலகுகளின் படங்கள், பென்சில் தடம் எடுத்த தாள்கள், பணம் கட்டிய ரசீது, பொட்டலம் கிளம்பிய நேரம் காட்டும் குறுஞ்செய்தி, உங்கள் மூன்று பதில்கள்.