ஜாம்பிகளை நடக்க விடுங்கள்

'வேர்ல்டு வார் இசட்' போன்ற நாவலைத் தழுவி ஜாம்பி (நடமாடும் பிணம்) படம் எடுக்க தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

உங்கள் திரைக்கதையில் பிணங்கள் ஓடுகின்றனவா? முதலில் அதை மாற்றுங்கள். மேக்ஸ் புரூக்ஸ் 2006இல் எழுதிய 'வேர்ல்டு வார் இசட்' நாவலில் அவை தள்ளாடித்தான் நடக்கும். ஜாம்பிகளோடான போர் ஓய்ந்தபின் பலரிடம் எடுத்த பேட்டிகளாகவே கதை முழுக்கப் போகும். 2013இல் படமானபோது பேட்டிகள் போய் ஒரு கதாநாயகன் வந்தார். பிணங்கள் ஓடின, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மதில் தாண்டின. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கணினியில் பிறந்தது. உங்களிடம் அந்தக் காசு இருக்காது.

நடக்கிற கூட்டத்துக்கு இங்கேயே ஆள் உண்டு. பாரதக் கூத்தில் விடிய விடிய ஆடுகிறவர்களிடம் ஒரு காலை இழுத்து, தோளைத் தொங்கவிட்டு நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

நூறு பேருக்கும் முழு ஒப்பனை கேட்காதீர்கள். ஆளுக்கு 2 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். கேமராவுக்கு முன்னால் 10 பேருக்கு முழுசாக, நடுவில் 30 பேருக்கு 20 நிமிடம், பின்னால் 60 பேருக்கு 5 நிமிடச் சாம்பல் பூச்சு: 4 கலைஞர்கள் ஒன்பது மணி நேரத்தில் முடிப்பார்கள். எல்லோரும் ஓடினால் இந்த அடுக்கு கலைந்து, சாம்பல் பூசியவர் கேமரா முன்னால் வந்து நிற்பார்.

ஜெலட்டினில் செய்த போலிக் காயங்கள் இந்த ஊர் சித்திரை வெயிலுக்கு இளகி வழியும். லிக்விட் லேட்டக்ஸும் (திரவ ரப்பர் பால்) டிஷ்யூ பேப்பரும் போதும். டிஷ்யூவைக் கத்தரிக்காமல் கிழித்து ஒட்டினால்தான் ஓரம் தோலோடு சேரும். மூன்று அடுக்கு, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று, வியர்வையில் மொத்தமாக உரியும். புருவத்துக்கு வாசலைன் தடவாவிட்டால் முடியும் சேர்ந்து வரும். முந்தின நாளே முன்கையில் சொட்டு வைத்து ஒவ்வாமை பாருங்கள்.

ரத்தத்துக்குச் சிவப்பு மட்டும் கலந்தால் ரோஸ்மில்க்தான். ஒரு லிட்டர் லிக்விட் குளுக்கோஸுக்கு உணவுச் சிவப்போடு 2 ஸ்பூன் கோகோ, சில சொட்டு உணவு நீலம். இது வாய்க்கு மட்டும். தரையில் ஊற்றினால் எறும்பும் ஈயும் மொய்க்கும்; மாந்தோப்பு என்றால் தேனீயும் வரும். தரைக்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலை மரவள்ளி மாவு 40 கிராமை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து (சுடுதண்ணீரில் கட்டி தட்டும்), ஒரு லிட்டர் ஆகக் காய்ச்சி நிறம் சேருங்கள். சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

கிரானைட் குவாரியில் கண்ணில் போடும் கான்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம். கல்தூசி லென்ஸுக்குள் புகுந்தால் கருவிழி கீறும். ஒருவர் போட்டதை இன்னொருவருக்குப் போடுவதைப் பற்றி நாங்கள் பேசவே போவதில்லை.

தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயில் படம்பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அந்த இறக்கத்தில் நியூட்ரலில் வரும் லாரிக்கு பிரேக் பிடிக்காது. ரத்த முகத்தோடு ஒருவர் சாலையோரம் நின்றாலே ஓட்டுநர் திடுக்கிட்டு ஒடிப்பார். கைவிட்ட கிளைச்சாலை ஏதாவது பாருங்கள்.

முழு ஒப்பனை போட்ட முன்வரிசை பத்துப் பேருக்கு வாய் திறக்காது. மோருக்கு ஸ்ட்ரா வாங்கி வையுங்கள். சாப்பாட்டுக்கு முன் வாயைச் சுற்றி ஒட்டிய ஒப்பனையைக் கழற்ற அரை மணி நேரமும், தேங்காய் எண்ணெயும் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒப்பனை, கூட்டக்காட்சி உதவியாளர்கள்,
தருமபுரி – கிருஷ்ணகிரி