தெக்கோங் தீவு ராணுவப் பயிற்சி முகாமில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று உன்னை விட்டுவிட்டுப் படகில் திரும்பும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முகாம் சாப்பாட்டில் பாதிச் சோற்றை நீ ஒதுக்கி வைத்தது அவளுக்கு உறுத்தல். எனக்கு உறுத்தியது நீ கேட்ட கேள்வி. "ரெண்டு வருஷத்துல எல்லாரும் கிளம்பிடுறாங்க, இது ஒரு ராணுவமாப்பா?"

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடானபோது நம்மிடம் இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளம், 50 அதிகாரிகள், சுமார் ஆயிரம் வீரர்கள், அவ்வளவுதான். மற்ற பாதுகாப்பெல்லாம் பிரிட்டிஷ்காரர்கள் கையில். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் அல்லவா, 1968 ஜனவரியில் பிரிட்டன் படைகளைத் திருப்பி அழைக்கப் போகிறது என்று அறிவித்ததும் அந்தத் தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் கலங்கிப் போனதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சோற்றுக்கு என்ன வழி என்று ஒரு பயம், நாட்டை யார் காப்பது என்று இன்னொரு பயம்.

நம் முதல் பாதுகாப்பு அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ அதற்கு முன்பே படை கட்டும் வேலையை ஆரம்பித்துவிட்டார். பொருளாதாரம் படித்தவர். 20 லட்சம் பேர்கூட இல்லாத ஊர், பெரிய நிரந்தரப் படை வைத்துச் சம்பளம் கொடுத்தால் கட்டுப்படியாகாது. இஸ்ரேலிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்து நாடுகள் முகம் சுளிக்கக் கூடாதென்று அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்றே சொல்லி வைத்தார்கள். 1967 மார்ச்சில் கட்டாயத் தேசிய சேவைக்கான சட்டம், ஆகஸ்டில் முதல் அணி. பதிவு செய்தவர்கள் சுமார் 9,000 பேர், முழுநேரச் சேவைக்கு எடுத்தது பத்தில் ஒருவரை. அந்தப் பையன்களுக்குச் சமூக நிலையங்களில் விருந்து வைத்து அனுப்பினார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கிளம்பிப் போகிறவர்கள்தான் தம்பி இங்கே ராணுவமே. நிரந்தர வீரர்கள் கொஞ்சம் பேர், உன்னைப் போல் சேவையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர், மீதிப் பெரும்பகுதி அலுவலகத்திலும் கடையிலும் டாக்சியிலும் இருக்கிறது. டிவியிலும் வானொலியிலும் குறியீட்டுச் சொல் ஒலித்தால் பட்டாளம் பட்டாளமாக வந்து நிற்க வேண்டியவர்கள் அவர்கள். நானும் அப்படித்தான் முழுநேரச் சேவை முடித்த பிறகு பத்து வருஷம் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போய் வந்தேன். எங்கள் செக்‌ஷனில் ஏழு பேர், வருஷா வருஷம் அதே ஏழு பேர் கொண்ட சிறு குழு. ஒருமுறை இரவு நடையில் என் கணுக்கால் பிசகி, நடக்க முடியாமல் நின்றேன். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சீன நண்பர் ஒன்றும் பேசாமல் என் மூட்டையைத் தன் மூட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு நடந்தார், மலாய்க்காரர் ஒருவர் என் கையைத் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று பேருக்கும் வீட்டு மொழி வேறு வேறு. 'செடியா' என்ற மலாய் 'அட்டென்ஷன்' கட்டளை கேட்டால் மட்டும் ஏழு பேருக்கும் முதுகு ஒன்றாக நிமிரும்.

உன் செக்‌ஷனில் யார் யார் என்று எழுது, பெயர்களைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. முதல் புக் அவுட்டில் நீ முகாமைவிட்டு வீட்டுக்கு வரும் அன்று பாசிர் ரிஸ்ஸில் நிற்கிறேன். அப்புறம், கால்விரல் இடுக்கில் தினமும் பவுடர் போடு, ஈரக் காலுறையோடு தூங்காதே.

அப்பா