கணவருக்கும் முதல் நாளே சீட்டு எழுதுங்கள்: குழந்தையின்மை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். விந்துப் பரிசோதனை ஆய்வகங்களில் பணிபுரியும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்று ஒரு தம்பதி வந்தால் இருவரையும் ஒரே நேரத்தில் பரிசோதிக்கத் தொடங்க வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, சில சமயம் வயிற்றில் துளையிட்டுக் கருவி வழியே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வரை முடிந்த பிறகே கணவரிடம் பேச்செடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. ஒரு குப்பியில் முடிகிற சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஒரு பெண்ணின் வயிற்றில் முதலில் துளை போடுவது எந்த வகையில் நியாயம்?

விந்துப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதும்போது எப்படிச் சேகரிப்பது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்திருக்க வேண்டும். சாதாரண ஆணுறையிலோ, வழுக்குப் பசை, எச்சில் தடவியோ சேகரித்தால் விந்தணுக்கள் அசைவிழந்துவிடலாம். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு மிகுதி. அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வீட்டிலிருந்து கொண்டுவருபவர் குப்பியை உடம்போடு ஒட்டி வைத்து, அரை மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ் அளவுகள்: 1.4 மில்லி விந்து, மொத்தம் 3.9 கோடி விந்தணு, முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், ஒழுங்கான வடிவம் 4 சதவீதம். ஓராண்டுக்குள் தந்தையாகும் வாய்ப்புப் பெற்ற ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். ஆகவே, இதற்குக் கீழே போனவரை மலடு என்று சொல்லிவிடாதீர்கள். நூறில் நான்குதான் நல்ல வடிவம் என்று படித்துத் தம்பதி நடுங்கிப்போகிறார்கள். அது பயப்படும் அளவல்ல என்பதைச் சீட்டு கொடுக்கும்போதே சொல்லிவிடலாமே. ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைக்கும். முடிவு குறைவாக வந்தால் மறுபடியும் சோதியுங்கள்.

விந்தணுவே இல்லை என்று எழுதுமுன், மாதிரியைச் சுழற்றி அடியில் தங்குவதைப் பார்த்தார்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். விந்தின் அளவு குறைந்து, அமிலத்தன்மையோடு, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இல்லையென்றால் விந்துக் குழாயைக் கையால் தடவிப் பாருங்கள். பிறவியிலேயே குழாய் இல்லாதவராக இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு தொடர்புடைய சிஎஃப்டிஆர் மரபணுவைக் கணவன், மனைவி இருவருக்கும் சோதிக்க வேண்டும். ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் என்ற இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுதாக விடுபட்டிருந்தால் விரையை அறுத்துத் தேடினாலும் விந்தணு கிடைக்காது. வீண் அறுவையைத் தவிர்க்கலாம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் கிடைக்கலாம், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். அதைத் தம்பதி முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும்.

எங்களை மிகவும் வருத்துவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி. எண்ணிக்கை குறைந்தவருக்கு 'ஆண் ஹார்மோன்' ஏற்றினால் பெருகும் என்ற எண்ணம் தலைகீழானது. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி சுரப்பி விரைகளைத் தூண்டுவதை நிறுத்திவிடுகிறது. விரைக்குள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வற்றி, விந்தணு உற்பத்தியும் நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் வீதம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேலானோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமல் போனது. பிள்ளை வேண்டி வருபவருக்குக் கருத்தடையைக் கொடுத்து அனுப்புகிறோம்! நிறுத்தினாலும் மீள மாதக்கணக்காகும், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி போட்டுக்கொண்டாரா என்பதையும் முதல் நாளே கேளுங்கள்.

ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரே ஊசியால் செலுத்தும் இக்சி முறை 1992இல் வந்த பிறகு ஆணை ஆராய வேண்டிய தேவையே இல்லை என்ற மெத்தனம் வளர்ந்துவிட்டது. ஒரே ஒரு விந்தணு போதுமாம். ஆனால் அதற்காகப் ஏறத்தாழப் பத்து நாள் ஊசி ஏற்றிக்கொள்வதும், மயக்கத்தில் கருமுட்டை எடுத்துக்கொள்வதும், சினைப்பை வீங்கி நீர் கோத்தால் படுக்கையில் கிடப்பதும் மனைவிதான். கையால் தடவினாலே தெரிகிற வெரிகோசீலை, அதாவது விரைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பதைச் சரிசெய்தால் எண்ணிக்கை கூடக்கூடிய கணவராக அவர் இருந்தால்?

முடிவை முதலில் கணவரிடம், தனியாகச் சொல்லுங்கள். மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கெஞ்சினால் அவருடைய கூச்சத்தை மதியுங்கள், சொல்ல அவகாசமும் கொடுங்கள். ஆனால் அவர் சொல்லும்வரை மனைவிக்கு ஒரு ஊசியும் போடாதீர்கள். எதற்காகத் தன் உடம்பில் ஊசி ஏறுகிறது என்று தெரியாதவரின் கையெழுத்து சம்மதம் ஆகாது.

இப்படிக்கு,
விந்து ஆய்வகப் பணியாளர்கள்