தலையில அடிபட்ட என் வீட்டுக்காரரோட இழப்பீட்டு மனுவ "சாதாரண காயம்"னு ஒதுக்கி வச்சத மறுபடி விசாரிக்கச் சொல்லி கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்வு ஆணையர் என்ற முறையில்.

அனுப்புநர்: அடையாளம் தெரியாத வண்டி மோதி அடிபட்ட கொத்தனாரோட மனைவி. பேரு, விலாசம், போன் நம்பர், எஃப்.ஐ.ஆர் நம்பர் எல்லாம் மனுவோட தனித்தாள்ல வச்சிருக்கேன்.

ஐயா வணக்கம்,

என் வீட்டுக்காரருக்கு 22 வருஷமா கொத்து வேலைதான். போன ஆவணியில ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்கிட்டு பைக்ல வரும்போது பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல பின்னாடி வந்த ஏதோ ஒரு வண்டி தட்டிட்டு நிக்காம போயிடுச்சு. அந்த எடத்துல லைட் இல்ல, கேமரா இல்ல, நம்பர யாரும் பாக்கல. ஹெல்மெட் போட்டிருந்தாரு, ஆனா பட்டைய மாட்டல, அதனால விழுந்த வேகத்துல கழண்டு ஓடிடுச்சு, அத நான் மறைக்கல.

108 வந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்க. நான் போய் சேரும்போது பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நெத்திக்கு மேல 4 தையல். "எனக்கு ஒண்ணும் இல்ல, டிபன் பாக்ஸ் ரோட்டுலயே கெடக்கு, யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லு"ன்னாரு. ஏ.ஆர் காப்பியில, அதான் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்ல, "சாதாரண காயம், நினைவோடு உள்ளார்"னு எழுதினாங்க. அந்த நேரத்துக்கு அது சரிதான், எழுதின டாக்டர் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்தாரு, அப்புறம் பேச்சு குழறுச்சு, எழுப்பினா எழுந்திரிக்கல. பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போய் ஸ்கேன் எடுத்தப்பதான் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கட்டி மூளைய அழுத்துதுன்னு சொன்னாங்க. தலையில அடிபட்டவங்க கொஞ்ச நேரம் நல்லாப் பேசிட்டு அப்புறம் மயங்குறது உண்டும்மான்னு அங்க இருந்த டாக்டரே சொன்னாரு. விடியறதுக்குள்ள வலது பக்க மண்டை எலும்ப எடுத்துட்டு ரத்தத்த வெளியேத்தினாங்க. எடுத்த எலும்பு கெட்டுப் போகாம இருக்க அவரோட வயித்துத் தோலுக்கு அடியிலயே வச்சு தைச்சுட்டாங்க, மூணு மாசம் கழிச்சு அத எடுத்து மறுபடி தலையில பொருத்தினாங்க. முதல் ஆபரேஷனுக்கு மட்டும் 41 நாள் ஆஸ்பத்திரியில கெடந்தோம். டாக்டருங்க உயிர காப்பாத்திக் குடுத்தாங்க, ஆபரேஷனுக்கு ஒரு பைசா வாங்கல, அந்த நன்றி என்னைக்கும் இருக்கு.

ஆனா வீட்டுக்கு வந்த மனுசன் பழைய மனுசன் இல்ல ஐயா. இடது கையில பிடிப்பு இல்ல. வலிப்பு வராம இருக்க மூணு வேளையும் மாத்திரை, அப்படியும் ரெண்டு தடவ வந்துடுச்சு. பொசுக்குனு கோபம் வருது, சின்னவ பேர் மறந்து போகுது, சாப்பிட்டத மறந்துட்டு திரும்ப சோறு கேக்குறாரு. போன மாசம் பக்கத்து வீட்டுல செவுரு கட்டிட்டு இருந்தாங்க, பழகின வேலையப் பாத்தா மனசு தெளியுமேன்னு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சேன். அவரோட பழைய ரசமட்டத்த கையில எடுத்து செவுத்து மேல வச்சாரு. உள்ள அந்த குமிழி ஓரத்துல நின்னுச்சு, எனக்கே தெரியுது செவுரு சாய்ஞ்சிருக்குன்னு. அவர் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு எங்கிட்ட திரும்பி "இது எதுக்குடி?"ன்னு கேட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி மோதிட்டு ஓடிப்போன வண்டியால அடிபட்டவங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 161வது பிரிவுல, 1.4.2022லருந்து நடைமுறையில இருக்கிற திட்டப்படி, இறந்தா 2 லட்சமும் கொடுங்காயம்னா 50 ஆயிரமும் தரணும். அப்படி ஒண்ணு இருக்குறதே எங்களுக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர் போட்டு ஒரு மாசத்துல வண்டி கிடைக்கலன்னா போலீஸே எங்களுக்கு எழுத்துல தெரிவிக்கணும்னு 2024 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்காம், எங்களுக்கு ஒரு கடுதாசியும் வரல. காலேஜ் படிக்கிற என் அக்கா பொண்ணுதான் போன்ல தேடி, படிவத்த எடுத்து, நிரப்பிக் குடுத்தா. கோட்டாட்சியர் ஆபீஸ்ல குடுத்து ஏழு மாசம் ஆச்சு. ஒரு மாசத்துக்குள்ள விசாரிச்சு உங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பணும்னு திட்டத்துலயே இருக்கு. அஞ்சு தடவ அலைஞ்சப்புறம் "ஏ.ஆர் காப்பியில சாதாரண காயம்னு இருக்கும்மா, கை கால் எலும்பும் முறியல, இதுக்கு வராது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எழுத்துலயும் எதுவும் தரல.

ஐயா, கொடுங்காயம்னா எலும்பு முறிவு மட்டும் இல்ல. இப்ப இருக்கிற குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 116வது பிரிவுல, உயிருக்கு ஆபத்து உண்டாக்குற காயமும், 15 நாள் வழக்கமான வேலைய செய்ய முடியாம ஆக்குற காயமும் கொடுங்காயம்னு தெளிவா இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல அது 20 நாள். எதுல வச்சுப் பாத்தாலும் 41 நாள் ஆஸ்பத்திரியில கெடந்த மனுசனுக்கு எப்படி அது சாதாரண காயமா இருக்க முடியும்? முதல் ராத்திரி எழுதின ஒத்தத் தாள மட்டும் பாத்துட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, பெரியாஸ்பத்திரியில குடுத்த இறுதி காயச் சான்று எதையும் பிரிச்சுக்கூட பாக்கல.

எனக்கு தையல் மிஷின்ல ஒரு நாளைக்கு 250 ரூபா கிடைச்சா பெருசு, அவர தனியா விட்டுட்டு கம்பெனி வேலைக்கும் போக முடியல. விரல் எலும்பு முறிஞ்சாலும் 50 ஆயிரம், மூளையில அடிபட்டு ஆயுசுக்கும் ஒருத்தர் கூடவே இருக்கணும்னாலும் அதே 50 ஆயிரம்ங்கிறது எனக்கு நியாயமாப் படல. தொகைய ஏத்துறதப் பத்தி யோசிக்கச் சொல்லி அதே உத்தரவுல உச்ச நீதிமன்றம் மத்திய அரச கேட்டிருக்கு, நீங்களும் தலைக்காயத்துக்குத் தனியா பாக்கணும்னு மேல எழுதினா எங்கள மாதிரி எத்தனையோ பேருக்கு ஆகும். ஆனா இன்னிக்கு சட்டத்துல இருக்கிறதாவது வரட்டும்னுதான் இந்த மனு. பின்னாடி அந்த வண்டி கிடைச்சு கோர்ட்டுல இழப்பீடு வந்தா இந்தப் பணத்த திருப்பிக் கட்டுறேன்னு உறுதிமொழியிலயும் கையெழுத்து போட்டுத்தான் குடுத்திருக்கேன்.

அதனால கோட்டாட்சியர் ஆபீஸ்ல கெடக்குற எங்க ஃபைல வரவழைச்சு, இறுதி காயச் சான்ற வச்சு மறுபடி விசாரிக்க உத்தரவு போடணும், ரிப்போர்ட் வந்ததும் திட்டத்துல சொன்ன 15 நாளுக்குள்ள தொகைய அனுமதிக்கணும். வராதுன்னு முடிவு பண்ணினா காரணத்த எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. மாற்றுத்திறனாளி சான்றுக்கு நரம்பியல் டாக்டர் வர்ற முகாம் தேதியையும் சொன்னா போதும், முகாமுக்கு போறப்பலாம் அந்த டாக்டர் இல்லன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. ஸ்கேன்லருந்து எல்லா தாளும் நகலெடுத்து இதோட வச்சிருக்கேன், வர்ற திங்கக்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிட்டு நேர்ல வரேன்.

இப்படிக்கு,
கொத்தனாரின் மனைவி