பட்டம் பெற்று வரும் நம் பழைய மாணவர்கள்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நம் பள்ளி மண்டபத்தில் பழைய மாணவர்கள் மூவரைப் பாராட்டுகிறோம். ஒருவர் தாய்லாந்தில், முவாக் லெக் என்ற ஊரில் உள்ள ஆசிய பசிபிக் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்கிறார். மற்ற இருவரும் நம் பினாங்கிலேயே, பர்மா சாலையில் இருக்கும் அட்வென்டிஸ்ட் கல்லூரியில் தாதியர் டிப்ளோமா முடித்தவர்கள். இரண்டையும் நடத்துவது ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறித்தவத் திருச்சபை.

செய்தி வாட்ஸ்ஆப் குழுவில் போன அன்றே கேள்விகள் வந்துவிட்டன. ஏன் வழக்கம்போல் சனிக்கிழமை வைக்கவில்லை? டிப்ளோமாவுக்கு எதற்கு மேடை? சர்ச் நடத்தும் பல்கலைக்கழகத்தைத் தமிழ்ப்பள்ளி எதற்குக் கொண்டாட வேண்டும்? குழுவில் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருப்பதைவிட, எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாள் விஷயம் எளிது. தாதியர் இருவரில் ஒருவர் அட்வென்டிஸ்ட். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை மாலை வரை ஓய்வுநாள். வேலை, வியாபாரம், விழா எதுவும் வைத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் கத்தோலிக்கர், ஞாயிறு காலை பூசைக்குப் போவார். எனவே ஞாயிறு பிற்பகல்தான் மூவருக்கும் ஒத்துவந்தது. தாய்லாந்தில் படித்த மூன்றாமவரின் வீடு பிறை ஊர்ப் பக்கம், இந்துக் குடும்பம். அவர்களுக்கு எந்த நாளானாலும் சரிதான், மழை மட்டும் வரக்கூடாது என்கிறார்கள்.

டிப்ளோமாவைப் பற்றிக் கேட்டவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு. பாதி நாள் வகுப்பறை, பாதி நாள் வார்டு. முடித்த பிறகும் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறினால்தான் பதிவு கிடைக்கும். பதிவு இல்லாமல் எந்த மருத்துவமனையிலும் வேலை பார்க்க முடியாது. இந்த இருவரில் ஒருவர் இங்கே ஆறாம் ஆண்டு முடித்தபோது மலாய்மொழியில் தேறவில்லை. புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுத்தான் முதலாம் படிவம் போனார். அந்த ஓராண்டைச் சொந்தக்காரர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது உங்களில் சிலருக்கே தெரியும். இன்று அவர் நோயாளியின் குடும்பத்திடம் மலாயிலும், ஹொக்கியனிலும், தமிழிலும் பேசுகிறார். அவரை மேடையின் ஓரத்தில் உட்காரவைக்க எனக்கு மனமில்லை. மூன்று நாற்காலிகளும் ஒரே வரிசையில்தான்.

முவாக் லெக் போன பிள்ளையின் கதை சற்று நீளம். வெளிநாட்டுப் படிப்புக்கு அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கிடையாது. அதனால் வீட்டில் கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். படித்துக்கொண்டே வளாகத்தில் வேலை செய்து கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வது அட்வென்டிஸ்ட் கல்லூரிகளில் பழைய வழக்கம். இவரும் நூலகத்தில் வேலை பார்த்தார். சாப்பாட்டை நினைத்துத்தான் அம்மாவுக்குக் கவலை அதிகமாக இருந்தது. அந்தத் திருச்சபையின் கல்லூரி உணவகங்களில் பொதுவாகச் சைவம்தான் என்று தெரிந்ததும் பாதிக் கவலை போய்விட்டது. புரட்டாசி மாதத்தில் மகள் விரதம் விட்டுவிடுவாளோ என்று பயந்தவருக்கு வேறென்ன வேண்டும்.

பட்டமளிப்புக்குக் குடும்பமே கிளம்பியது. பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறி எல்லையில் உள்ள பாடாங் பெசார், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் பேங்காக், பிறகு முவாக் லெக் இருக்கும் சராபுரி மாநிலத்துக்குச் சாலை வழி. ஒருநாள் விழா என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். அட்வென்டிஸ்ட் வழக்கத்தில் அது வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். வெள்ளி மாலை, படித்ததை எந்தப் பணிக்குக் கொடுக்கப்போகிறோம் என்று மாணவர்கள் தங்களை ஒப்புக்கொடுக்கும் வழிபாடு. சனிக்கிழமை ஓய்வுநாள் ஆராதனையில் அவர்களுக்கென்றே ஓர் அருளுரை. ஞாயிறன்றுதான் அங்கி, தொப்பி, பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது எல்லாம். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியே தனக்குப் பிடித்தது என்று அந்த அப்பா என்னிடம் சொன்னார். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே அதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார்களே என்று வியந்தார். நம் விழாக்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தாதியர் கல்லூரிகளிலும் இதற்கு இணையான வழக்கம் ஒன்று உண்டு. கையில் விளக்கேந்தி நைட்டிங்கேல் உறுதிமொழி எடுப்பார்கள். நைட்டிங்கேல் அம்மையார் எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தாதியர் பள்ளியில் எழுதி, அவர் பெயரைச் சூட்டினார்கள். ஞாயிறன்று இருவரும் அதை நம் பிள்ளைகள் முன் ஒருமுறை சொல்லிக்காட்டச் சம்மதித்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. மதம் மாற்றிவிடுவார்களா என்று சிலர் நேராகவே கேட்டீர்கள். அப்படிக் கேட்டதே நல்லது. இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களில் சமயப் பாடம் உண்டு, வாராந்திர வழிபாட்டுக்கு வருகைப் பதிவும் உண்டு. அதை மறைத்து அனுப்பக்கூடாது, தெரியாமல் போய்விட்டு அங்கே சண்டை போடவும் கூடாது. கையெழுத்துப் போடுமுன் மாணவர் விதிகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். ஒத்துவராது என்று தோன்றினால் வேறு இடம் பாருங்கள். ஆனால் பயத்தைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. இந்தத் தீவில் செயின்ட் சேவியர்ஸும் லைட் ஸ்திரீட் கான்வென்ட்டும் தொடங்கியது 1852இல், மெத்தடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1891இல். நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் அங்கே படித்துவிட்டு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கினார்கள்! வீட்டில் வேர் இருந்த பிள்ளை எங்கே படித்தாலும் வீட்டுப் பிள்ளைதான்.

மதத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது அங்கீகாரத்தைப் பற்றி. உள்நாட்டுப் படிப்பானால் எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வெளிநாட்டுப் பட்டமானால் இங்கே ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னதை நம்பாதீர்கள். ஞாயிறன்று பெற்றோர் ஆசிரியர் சங்க மேசையில் இதைப் பார்த்துச் சொல்ல ஆசிரியர் ஒருவர் கணினியோடு இருப்பார்.

பிரமுகர் உரை கிடையாது. மாலை, பொன்னாடையும் வேண்டாம் என்று மூவருமே கேட்டுக்கொண்டார்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், அவர்கள் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான். கேள்விகளை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது, இனி வேறு கேளுங்கள். பலகாரம் கொண்டு வருபவர்கள் சைவமாகவே கொண்டு வாருங்கள். வாகனங்களைப் பள்ளித் திடலில் நிறுத்தலாம், சாலையோரம் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்