எழுதியவர் பெயரை ஏன் வெட்டுகிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு கடந்த வாரம் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டுரை வந்தது. ஊர்க் குளத்தைத் தூர்வாரியது பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியது. என் பெயர் இல்லை. கடைசிப் பத்தியில் நான் ஒருபோதும் எழுதாத சாதிப் பெருமை சேர்ந்திருந்தது. அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிக் கும்பல்கள் செய்த கொலைகளுக்குப் பிறகு, 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஆனால் எழுத்தை நகலெடுத்து ஒட்டினால், பகிரப்பட்டது என்ற அடையாளமே மறைந்துவிடுகிறது. எழுதியவர் பெயரும் அங்கேதான் உதிர்கிறது.

படைப்பைத் தன்னுடையது என்று கோரவும், தன் நற்பெயர் கெடும்படி அதைத் திரிப்பதைத் தடுக்கவும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு எழுதியவருக்கு உரிமை தருகிறது. நாளிதழின் பிடிஎஃப் பிரதிகள் டெலிகிராம் சேனல்களில் பரவியதை எதிர்த்து 2020-இல் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. என்னைப் போன்ற தனியாள் எத்தனை குழுக்களைத் துரத்துவது?

குழு நிர்வாகிகளே, பெயரில்லாத கட்டுரை வந்தால் ‘எழுதியவர் யார்?’ என்று ஒரு முறையாவது கேளுங்கள்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்